நாடகப் பள்ளிக்குப் போகாத ஜோடி கோமர் ஒலிவியர் விருது வரை வந்த பாதை

‘கில்லிங் ஈவ்’ தொடரை முழுக்கப் பார்த்து முடித்த ஒருவர் கேட்ட கேள்வி இது. அதில் நடித்த பிரிட்டிஷ் நடிகை ஜோடி கோமர் நாடகப் பள்ளியில் படித்தவர் இல்லை, தொலைக்காட்சியில் வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் நடித்த முதல் நாடகமான ‘பிரைமா ஃபேசி’க்கே, பிரிட்டிஷ் நாடக உலகின் உயர்ந்த விருதான ஒலிவியர் விருது வாங்கினார். அதே நாடகத்துக்கு நியூயார்க்கில், அமெரிக்க நாடக உலகின் உயர்ந்த விருதான டோனியும் வந்தது. தொலைக்காட்சிப் புகழுக்காகத்தான் இதெல்லாம் கிடைத்ததா, இல்லை உண்மையிலேயே அவ்வளவு திறமைசாலியா?

புகழ் டிக்கெட் விற்க உதவியது, அதை மறுக்க முடியாது. ஆனால் நூறு நிமிடம் இடைவேளை இல்லாமல், கூட நடிக்க ஒரு ஆள்கூட இல்லாமல் மேடையில் நிற்பவரைப் புகழ் காப்பாற்றாது. அந்த மேடைக்கு வருவதற்கு முன்னால் சுமார் பதினைந்து வருடம் அவர் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் தொலைக்காட்சிதான் அவருடைய நாடகப் பள்ளி. அதோடு, தனியாக நின்று பேசும் நடிப்பு அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். பலர் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான்.

1993 மார்ச்சில் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா எவர்ட்டன் கால்பந்து அணியின் வீரர்களுக்குப் பிசியோதெரபி செய்பவர், அம்மா உள்ளூர் ரயில் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் நடிப்போடு தொடர்புள்ளவர் யாரும் இல்லை. அப்பாவும் மகளும் தொலைக்காட்சி விளம்பரங்களில் வரும் குரல்களை அப்படியே திருப்பிப் பேசிக் காட்டி விளையாடுவார்களாம். பிற்காலத்தில் எத்தனையோ வட்டாரங்களின், நாடுகளின் பேச்சை அநாயாசமாகப் பேசியவருக்கு முதல் பயிற்சி அதுதான்.

பள்ளியில் தோழிகளோடு ஒரு நடனக் குழுவில் இருந்தார். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்விட்டதால் ஒத்திகையைத் தவறவிட்டார், தோழிகள் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். தனியாக ஏதாவது செய்தாக வேண்டிய நிலையில், ஹில்ஸ்பரோ துயரத்தைப் பற்றிய ஒரு தனிமொழியை ஒரு போட்டி மேடையில் பேசினார்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில், கால்பந்து அரையிறுதி ஆட்டத்தின்போது நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். மொத்த உயிரிழப்பு 97. பழியை ரசிகர்கள் மேலேயே போட்டுவிட்டு அதிகாரிகள் தப்பப் பார்த்தார்கள். அது சட்டவிரோதமாக நிகழ்ந்த உயிரிழப்பு என்று விசாரணை மன்றம் சொல்ல 2016 வரை ஆனது. அந்த நகரத்தில் இந்தக் கதை தொடாத தெருவே கிடையாது. அதைத் தனியாக நின்று பேசிய சிறுமி போட்டியில் ஜெயித்தாள். அவளுடைய நாடக ஆசிரியர் அவளை பிபிசி வானொலி நாடகம் ஒன்றுக்கான ஆடிஷனுக்கு அனுப்பினார், வேலையும் கிடைத்தது. ‘நீ ஒரு ஏஜென்ட் வைத்துக்கொள்ள வேண்டும்’ என்று அங்கே நடித்தவர்கள் சொன்னார்கள். தொழில் தொடங்கியது அப்படித்தான்.

இங்கிலாந்தில் நடிகராவதற்குப் பழகிய பாதை வேறு. நல்ல வசதியான தனியார் பள்ளி, அப்புறம் கேம்பிரிட்ஜோ ஆக்ஸ்ஃபோர்டோ, இல்லையென்றால் லண்டனில் ராடா, கில்ட்ஹால் மாதிரியான நாடகப் பள்ளி. எடி ரெட்மெய்ன், டாம் ஹிடில்ஸ்டன், டேமியன் லூயிஸ் மூவரும் ஈட்டன் என்ற பெயர்பெற்ற தனியார் பள்ளியில் படித்தவர்கள். அவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பாதையில் வருகிறவர்களுக்குச் செவ்வியல் நாடகமும் குரல் பயிற்சியும் தொழிலின் பெரிய மனிதர்களோடு பழக்கமும் சேர்ந்தே கிடைத்துவிடும். லிவர்பூலின் ஸ்கவுஸ் பேச்சோடு வருகிற பெண்ணுக்குக் கிடைப்பது வேறு. வாயைத் திறந்த உடனேயே இவள் எந்த ஊர், எந்த வர்க்கம் என்று எதிரில் இருப்பவர் முடிவு கட்டிவிடுவார். அதற்கேற்ற சின்னப் பாத்திரங்கள்தான் வரும்.

கோமருக்கும் அப்படித்தான் வந்தன. மருத்துவமனைத் தொடர்களில், போலீஸ் தொடர்களில் ஒரு அத்தியாயம், இரண்டு அத்தியாயம் என்று பதின்ம வயதிலிருந்தே நடித்தார். மேடை என்று பார்த்தால் 2010இல் ஸ்கார்பரோவின் ஸ்டீஃபன் ஜோசஃப் அரங்கில் ஒரு நாடகம். அடுத்த நாடகத்துக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.

2012இல் ‘குட் காப்’ என்ற பிபிசி தொடரில் அவருக்கு இன்னொரு சின்ன வேடம். அந்தத் தொடரில் நடித்த ஸ்டீஃபன் கிரஹாம் இந்தப் பெண்ணிடம் என்ன இருக்கிறது என்று கண்டுகொண்டு, தன் ஏஜென்டிடமே அறிமுகப்படுத்தி வைத்தார். கிரஹாமும் லிவர்பூல் பக்கத்து ஊர்க்காரர், சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்தவர். பெரிய பள்ளியின் பழைய மாணவர் தொடர்புகள் செய்கிற வேலையை இங்கே ஒரு சக நடிகரின் நல்ல மனசு செய்தது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. அந்த ஒரு அறிமுகம் இல்லாவிட்டால் கோமர் இன்னும் எத்தனை வருடம் ஒற்றை அத்தியாய வேடங்களில் இருந்திருப்பாரோ.

அப்புறம் வேகம் கூடியது. ‘மை மேட் ஃபேட் டைரி’யில் கதாநாயகியின் அழகான தோழி, ‘டாக்டர் ஃபாஸ்டர்’ தொடரில் இன்னொருத்தியின் கணவனோடு உறவில் இருக்கும் இளம்பெண். இரண்டுமே பார்வையாளர் வெறுத்துவிட்டுப் போக எளிதான பாத்திரங்கள். இரண்டிலும் அவர் அந்தப் பெண்களுக்குள் ஒரு பயத்தை வைத்தார். அதனால் வெறுப்பவர்களுக்கும் கொஞ்சம் தயக்கம் வரும். 2016இல் வந்த ‘தர்ட்டீன்’ முழுக்க அவரை நம்பி எடுக்கப்பட்டது. பதின்மூன்று வருடம் ஒரு வீட்டின் நிலவறையில் அடைபட்டிருந்து தப்பி வரும் ஐவி என்ற பெண்ணின் கதை. உடம்பு இருபத்தாறு வயது, பேச்சும் பார்வையும் பதின்மூன்று வயதிலேயே நின்றுபோனவை. அதற்கு, பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவுக்குப் பரிந்துரை கிடைத்தது.

2018இல் ‘கில்லிங் ஈவ்’. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அதனால் முதல் காட்சியை மட்டும் நினைவுபடுத்துகிறேன். வியன்னாவில் ஒரு ஐஸ்கிரீம் கடை. எதிரே உட்கார்ந்திருக்கும் சிறுமி, கோமர் நடிக்கும் கூலிக் கொலைகாரி வில்லனெலைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறாள். வில்லனெல் அந்தக் கடைக்காரரின் முகத்தைக் கவனிக்கிறாள், அவருடைய சிரிப்பை அப்படியே தன் முகத்தில் மாட்டிக்கொள்கிறாள். சிறுமியும் இப்போது சிரிக்கிறாள். கைக்கடிகாரத்தில் இருக்கும் ரத்தத்தைத் துடைத்துவிட்டு எழுந்து போகும்போது அந்தக் குழந்தையின் ஐஸ்கிரீமை அவள் மடியிலேயே தட்டிவிட்டுப் போகிறாள்.

மனித உணர்ச்சி இவளுக்குள் இல்லை, பார்த்துப் பார்த்துப் படித்துக்கொள்கிறாள் என்று வசனமே இல்லாமல் புரிந்துவிடுகிறது. சிரிப்பு வருவதற்கு முன்னால் கோமரின் கண்ணில் ஒரு சின்ன கணக்குப் போடல் தெரியும், மறுபடி பார்த்தால் கவனியுங்கள். அடுத்தவர் முகத்தையும் குரலையும் எடுத்துக்கொள்வது அவர் சின்ன வயதில் அப்பாவோடு விளையாடிய விளையாட்டுதான். தொடர் முழுக்க ரஷ்யன், பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன் என்று மாறி மாறிப் பேசுவதும் அதன் நீட்சிதான்.

2019இல் அந்த வேடத்துக்கு பாஃப்டாவும், அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியும் கிடைத்தன. அப்போது வயது 26. கூட நடித்த சாண்ட்ரா ஓவும் அதே எம்மி பிரிவில் போட்டியில் இருந்தார். தனக்குக் கிடைக்காது என்று நினைத்து அப்பா அம்மாவை விழாவுக்கு அழைத்து வரவில்லை என்று மேடையிலேயே சொன்னார். தொடரின் கடைசிப் பருவம் எனக்குப் பிடிக்கவில்லை. முடிவைப் பெரும்பாலான ரசிகர்களும் ஏற்கவில்லை. ஆனால் எழுத்து சரிந்த பிறகும் கோமரின் நடிப்பு சரியவில்லை.

எம்மி கிடைத்த ஒரு இளம் நடிகைக்கு ஹாலிவுட்டில் அடுத்தடுத்துப் பெரிய படங்கள் காத்திருக்கும். அவரும் போனார். ரயன் ரெனால்ட்ஸோடு நடித்த ‘ஃப்ரீ கை’ 2021இல் வந்தது, நன்றாக ஓடியது, அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவருடைய பாதையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதே காலத்தில் செய்த மூன்று வேலைகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது 2020இல், கொரோனா முடக்கத்தின் நடுவே. ஆலன் பென்னட் எழுதிய ‘டாக்கிங் ஹெட்ஸ்’ தனிமொழிகளை பிபிசி புதிய நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தது. ஒரே ஒரு ஆள், ஒரு கேமரா, அரை மணி நேரப் பேச்சு. தொற்று பரவும் நேரத்தில் எடுக்க ஏற்ற வடிவமும் அதுதான். வாய்ப்புக்காக அலையும் லெஸ்லி என்ற துணை நடிகையின் பகுதி கோமருக்கு வந்தது. 1980களில் ஜூலி வால்டர்ஸ் நடித்துப் பெயர் வாங்கிய பகுதி. தன்னை எல்லாரும் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது லெஸ்லிக்குப் புரியாது, கேட்கிற நமக்குப் புரியும். ஹில்ஸ்பரோ தனிமொழிக்குப் பிறகு அவர் மறுபடி தனியாகப் பேசியது இங்கே.

இரண்டாவது ‘ஹெல்ப்’. 2021 செப்டம்பரில் சேனல் 4இல் வந்த தொலைக்காட்சிப் படம், ஜாக் தோர்ன் எழுதியது. லிவர்பூலில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே புதிதாக வேலைக்குச் சேரும் சாரா, சிறுவயதிலேயே பள்ளியால் கைவிடப்பட்ட பெண். இளம் வயது மறதி நோயோடு அங்கே தங்கியிருப்பவராக ஸ்டீஃபன் கிரஹாம். கொரோனா வருகிறது. ஒரு இரவு முழுக்க அவள் ஒருத்தி மட்டுமே பணியில். மூச்சுத் திணறும் ஒரு முதியவருக்காக அவசர எண்ணுக்கு மறுபடி மறுபடி போன் செய்கிறாள், ஆம்புலன்ஸ் வருவதில்லை. பாதுகாப்பு உடை இல்லை, குப்பைப் பையைக் கிழித்து மாட்டிக்கொள்கிறாள்.

அந்த இரவு இருபது நிமிடத்துக்கும் மேலாக வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாக ஓடுகிறது. சினிமாவில் இவ்வளவு நேரம் வெட்டாமல் எடுத்தால் நடிகருக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஒரு வசனம் தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். மேடையில் தினமும் நடப்பதும் அதுதான். கோமர் அதில் தன் சொந்த ஸ்கவுஸ் பேச்சிலேயே பேசுகிறார். ஒரு காலத்தில் அவரைச் சின்ன வேடத்தில் நிறுத்தி வைத்த அதே பேச்சு. இந்தப் படத்துக்காக அவருக்கு 2022இல் பாஃப்டா கிடைத்தது. என்னைக் கேட்டால் திரையில் அவர் செய்ததில் ஆகச் சிறந்தது இதுதான், ‘கில்லிங் ஈவ்’கூட இதற்கு அடுத்துதான்.

மூன்றாவது ரிட்லி ஸ்காட்டின் ‘தி லாஸ்ட் டூயல்’. பிரான்சில் 1386இல் நடந்த உண்மைச் சம்பவம். மார்கரீத் என்ற பெண் தன்னை ஒருவன் வன்புணர்ந்தான் என்று குற்றம் சாட்டுகிறாள். கணவனும் குற்றம் சாட்டப்பட்டவனும் சாகும்வரை மோதிக்கொள்ள வேண்டும், ஜெயிப்பவன் சொல்வதுதான் கடவுளின் தீர்ப்பு. கணவன் தோற்றால் பொய் சொன்னதாக அவளை உயிரோடு எரிப்பார்கள். படம் ஒரே நிகழ்ச்சிகளை மூன்று பேர் பார்வையில் மூன்று முறை காட்டுகிறது. முதலில் கணவனாக மாட் டேமன், அடுத்து குற்றம் சாட்டப்பட்டவனாக ஆடம் டிரைவர், கடைசியில் மார்கரீத்.

கோமருக்கு இங்கே வேலை மிகக் கடினம். ஒரே காட்சியை நூல் அளவு வித்தியாசத்தில் மூன்று விதமாக நடிக்க வேண்டும். மாடிப்படியில் அவள் காலணிகள் கழல்கிற ஒரு கணம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் நினைவில் அவள் அதை வேண்டுமென்றே கழற்றி அழைப்பதுபோல் இருக்கிறது. அவள் நினைவில் உயிருக்கு ஓடும் அவசரத்தில் அது தானாகக் கழன்று விழுகிறது. இரண்டு முறையும் நாம் பார்ப்பது சில நொடிகள்தான், ஆனால் அவன் எப்படித் தன்னைத்தானே நம்ப வைத்துக்கொண்டான் என்பது அங்கே பிடிபட்டுவிடும். சுமார் 10 கோடி டாலரில் எடுத்த படம், வசூலில் படுதோல்வி. நல்ல படம் ஓடாமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அடுத்து ஸ்காட்டின் நெப்போலியன் படத்தில் ஜோசஃபினாக நடிக்க ஒப்பந்தமாகியிருந்தார். தொற்றுக் காலக் குளறுபடியில் படப்பிடிப்புத் தேதிகள் மாறியதால் விலகிக்கொண்டார். அந்த வேடம் வனெசா கிர்பிக்குப் போனது. கோமர் மேடைக்குப் போனார்.

‘பிரைமா ஃபேசி’ நாடகத்தை எழுதிய சூசி மில்லர் ஆஸ்திரேலியர், வழக்கறிஞராக இருந்தவர். 2019இல் சிட்னியில் முதலில் அரங்கேறியது. டெஸ்ஸா என்ற பாரிஸ்டர், அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர், உழைக்கும் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவள். பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஆண்களுக்காக வாதாடுவதில் கெட்டிக்காரி. குறுக்கு விசாரணையில் புகார் கொடுத்த பெண்ணின் நினைவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடித்து வழக்கை உடைப்பாள். ஒரு நாள் உடன் வேலை பார்ப்பவன் அவளையே வன்புணர்கிறான். 782 நாள் கழித்து அவள் சாட்சிக் கூண்டில் நிற்கிறாள், தான் இத்தனை காலம் கேட்ட கேள்விகள் இப்போது தன்னை நோக்கி வருகின்றன.

‘தி லாஸ்ட் டூயல்’ முடிந்த சில மாதத்திலேயே இந்த நாடகம் அவரிடமிருந்து வந்ததில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு மார்கரீத்திடமும் இன்றைய டெஸ்ஸாவிடமும் நீதிமன்றம் கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்: உன்னை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்? மார்கரீத்தின் படத்தில் முதல் இரண்டு பங்கு ஆண்கள் பேசுகிறார்கள். டெஸ்ஸாவின் நாடகத்தில் அவள் ஒருத்தி மட்டுமே பேசுகிறாள்.

2022 ஏப்ரலில் ஹெரால்ட் பின்டர் அரங்கில் தொடங்கியது. ‘கில்லிங் ஈவ்’ கடைசி அத்தியாயம் அமெரிக்காவில் ஒளிபரப்பாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இயக்கியவர் ஜஸ்டின் மார்ட்டின். மேடை முழுக்கத் தரையிலிருந்து மேலே வரை வழக்குக் கோப்புகள் அடுக்கிய அலமாரிகள். லண்டன் மேடையேற்றத்தில் டெஸ்ஸா லிவர்பூல்காரி ஆனாள். முதல் பாதியில் கோமர் மேசைகளைத் தானே தள்ளிக்கொண்டு போகிறார், மேலே ஏறி நிற்கிறார், கோட்டும் விக்கும் மாட்டிக்கொண்டு நீதிபதியாக, எதிர்த்தரப்பு வழக்கறிஞராக, அம்மாவாக ஒரே மூச்சில் மாறுகிறார். நீதிமன்றத்துக்கு மெருகேற்றிய ஆங்கிலம், அம்மாவிடம் பேசும்போது ஊர்ப் பேச்சு. அந்த இரண்டுக்கும் நடுவே டெஸ்ஸாவின் வாழ்க்கை முழுவதும் தெரிகிறது. வன்புணர்வுக்குப் பிறகு மேடையில் நிஜ மழை கொட்டுகிறது, நனைந்தபடி நிற்கும்போது அந்த வேகமெல்லாம் அவர் உடம்பிலிருந்து வடிந்துபோகிறது. வேகமாகப் பேசுவதைப் பலர் செய்வார்கள். அத்தனை வேகத்தைக் கட்டி எழுப்பிவிட்டு, பார்வையாளர் கண்ணெதிரே அதை இழப்பதற்குத்தான் பெரிய நடிப்பு வேண்டும்.

அரங்கில் நடந்ததைப் படம் பிடித்து நேஷனல் தியேட்டர் லைவ் மூலம் சினிமா அரங்குகளில் திரையிட்டார்கள். பிரிட்டனில் அந்த வரிசையில் வந்த படைப்புகளிலேயே அதிக வசூல் இதற்குத்தான். வசூலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வடக்கு அயர்லாந்தில் இந்தப் பதிவு நீதிபதிகளின் பயிற்சியில் சேர்க்கப்பட்டது. பாரிஸ்டர்கள் சிலர் பாலியல் குற்றச் சட்டத்தை மறுபரிசீலனை செய்ய ஒரு குழுவே ஆரம்பித்தார்கள், அதற்கு டெஸ்ஸா என்றே பெயர் வைத்தார்கள். ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு நீதிமன்றத்தில் உட்காருபவர்கள் தங்கள் வேலையை மறுபடி யோசித்துப் பார்ப்பது எத்தனை முறை நடந்திருக்கும்?

2023 ஏப்ரல் தொடக்கத்தில் ஒலிவியர் கிடைத்தது. அதே மாதம் நியூயார்க்கின் நாடகப் பகுதியான பிராட்வேயில் ஜான் கோல்டன் அரங்கில் நாடகம் தொடங்கி, ஜூனில் டோனியும் வந்தது. அந்த ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை நியூயார்க்கை மூடியிருந்தது. ஒரு மதியக் காட்சியில் பத்து நிமிடம் பேசியதும் மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லி மேடையை விட்டு இறங்கினார். அவருக்குப் பதிலாகத் தயாராக இருந்த டானி ஆர்லிங்டன் நாடகத்தை முதலிலிருந்து தொடங்கி முடித்துக் கொடுத்தார். நூறு நிமிடப் பேச்சுக்கு மூச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை.

அதற்குப் பிறகும் அவர் சுலபமான பக்கம் போகவில்லை. ‘தி பைக்ரைடர்ஸ்’ படத்தில் அவருக்குக் கேத்தி என்ற வேடம். அதற்காக, 1960களில் பதிவான நிஜ கேத்தியின் பேட்டி ஒலிநாடாக்களைக் கேட்டு, சிகாகோ பக்கத்து அந்தப் பேச்சின் இழுப்பைப் பிடித்தார். 2025இல் டேனி பாயிலின் ‘28 இயர்ஸ் லேட்டர்’ படத்தில் நோயில் நினைவு தடுமாறும் தாய். திகில் படத்தில் வந்தாலும் அழ வைத்துவிடுகிறார். அதே 2025இல், ‘பிரைமா ஃபேசி’யை 2026 தொடக்கத்தில் பிரிட்டன், அயர்லாந்து ஊர்களுக்குக் கொண்டுபோகும் பயணம் அறிவிக்கப்பட்டது. பயணத்தின் கடைசி ஊராக வைத்திருந்தது லிவர்பூல். லண்டன் டிக்கெட் விலை கொடுக்க முடியாதவர்கள் இருக்கும் ஊர்களுக்கு அதே நாடகத்தை எடுத்துப்போவதை நான் அவருடைய எந்த விருதுக்கும் குறைவாக நினைக்கவில்லை.

ஆகவே, ‘கில்லிங் ஈவ்’ பார்த்துவிட்ட நீங்கள் அடுத்ததாக ‘ஹெல்ப்’ பாருங்கள், அந்த இரவுக் காட்சிக்காக. அதன் பிறகு ‘தி லாஸ்ட் டூயல்’, மூன்றாம் பகுதி வரும் வரை பொறுமையாக. இரண்டையும் பார்த்த பிறகு ‘பிரைமா ஃபேசி’யின் பதிவு உங்கள் ஊர் அரங்கில் திரையிடப்பட்டால் விட்டுவிடாதீர்கள்.